தேவகனி டீச்சரும் விழாத கியரும்

தேவகனி டீச்சருக்கும் எனக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. எனக்கு அது நெஞ்சளவு, அவருக்குக் கழுத்தளவு. தூத்துக்குடி மில்லர்புரம் பக்கம் நான் வீடு கட்டிக் குடிவந்த நாள் முதல் எங்கள் பேச்சு முழுக்க அந்தச் சுவருக்கு மேலேதான் நடந்திருக்கிறது. என் மனைவி உயிரோடு இருந்தவரை அவர் வீட்டுக்குள் போய் வருவாள். இப்போது சுவர் மட்டும்தான்.

என் பெயர் வில்பிரட். துறைமுகத்தில் லாரிகளை எடைபோடும் மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆளைப் பார்த்தவுடன் இவர் இவ்வளவுதான் தேறுவார் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் கெட்ட பழக்கம் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டது. டீச்சரை முதலில் பார்த்தபோது, கறாரான ஆள், நமக்கு ஒத்துவராது என்றுதான் எடைபோட்டேன். பாதி சரி. கறார்தான். யாராவது அவர் வாசலை மறித்து வண்டியை நிறுத்தினால் சண்டைக்குப் போக மாட்டார். உள்ளே போய் ஒரு சாக்பீஸ் எடுத்துவந்து, வண்டி எதுவரை நிற்கலாம் என்று தரையில் நேராக ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். மறுநாள் முதல் அந்த வண்டி கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும்.

பூர்வீகம் நாசரேத். சாயர்புரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். என் மனைவியிடம் சொன்னது, “பொண்ணு பாக்க வந்தவங்க யாருக்கும் வாய்ப்பாடு தெரியல.”

அவருடையது சின்ன வெள்ளைக் கார். வேலையில் இருந்தபோதே பழையதாக வாங்கியது. அந்தக் காலத்தில் ஒரு பெண் கார் ஓட்டிக்கொண்டு சாயர்புரம் பஜாரில் போனால், டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்களாம். இப்போது அந்த மாடல் வருவதே இல்லை. வெயில் நாளில் எஞ்சின் சூடு காலடித் தகரம் வழியாக இறங்கி ஓட்டுகிறவர் காலைப் பதம்பார்க்கும். “ஓட்டி முடிச்சா பாதத்தை மட்டும் தனியா அவிச்சு எடுத்தாப்ல இருக்கும் சார்” என்பார். அதை அவர்தான் சொல்லலாம். வேறு யாராவது அந்தக் காரைக் குறை சொன்னால் முகம் மாறிவிடும்.

அந்தக் காரை அவர் விடாமல் வைத்திருந்தது ஜாய் டீச்சருக்காக. இருவரும் ஒரே பள்ளிக்கூடம். அவர் தமிழ், இவர் கணக்கு. வாலிபத்திலிருந்து ஓய்வு பெறும்வரை டீச்சர்கள் குடியிருப்பில் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஓய்வுக்குப் பிறகும் சேர்ந்தே இருக்கலாம் என்றுதான் தேவகனி டீச்சர் நினைத்தார். ஜாய் டீச்சரின் அண்ணன் சுந்தரராஜ் சம்மதிக்கவில்லை. கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தங்கச்சி இன்னொருத்தர் வீட்டில் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்றாராம். ஊர் என்ன சொல்லியிருக்கும்? ஒன்றும் சொல்லியிருக்காது. ஊருக்கு வேறு வேலை இருக்கிறது. ஜாய் டீச்சர் சாயர்புரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனார். தேவகனி டீச்சர் அப்பா விட்டுப்போன இந்த வீட்டுக்கு வந்தார்.

அதன் பிறகு ஜாய் டீச்சருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. தமிழ் டீச்சருக்கு மிச்சம் நின்றது ஒரே ஒரு சொல். ‘போவமா?’ பசித்தாலும் போவமா, வலித்தாலும் போவமா, சிரிப்பு வந்தாலும் போவமாதான். அதில் எது எந்தப் போவமா என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் தேவகனி டீச்சர்.

சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் காரை எடுத்துக்கொண்டு கோரம்பள்ளம் தாண்டி சாயர்புரம் போவார். ஜாய் டீச்சரை முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டி, தூத்துக்குடிக்குக் கூட்டிவந்து பிசியோதெரப்பி செய்யவைப்பார். முடிந்ததும் இருவரும் கடற்கரைப் பக்கம் போய்க் காரிலிருந்து இறங்காமலே கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். சுந்தரராஜும் அவர் மனைவியும் வயதானவர்கள். ஜாய் டீச்சரைத் தூக்கி ஏற்ற அவர்களால் ஆகாது. மகன் நேசக்குமார் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான். ஆகவே அந்தச் சிகிச்சை நடந்ததெல்லாம் தேவகனி டீச்சராலும் அந்தக் காராலும்தான்.

டீச்சருக்கு வாரம் என்றால் சனிக்கிழமை. மற்ற நாட்களில் அந்த வீட்டில் சத்தமே கேட்காது. காலையில் ஒரே தடவையாகச் சமைத்து இரவுவரை வைத்துக்கொள்வார். பாத்திரம் கழுவும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு நின்றுவிடும். எனக்கும் அந்த மாதிரி வீடுதான் என்பதால் அது எப்படிப்பட்ட அமைதி என்று தெரியும். நாமே கூப்பிட்டு நாமே ஏன் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய அமைதி.

ஒரு சனிக்கிழமை டீச்சர் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார். அவர் சிரித்து வருவது அபூர்வம் என்பதால் சுவரோரம் போய் என்னவென்று கேட்டேன். அன்று சாயர்புரம் கிறிஸ்தவக் கோயிலில், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த சேவல், வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அதில் தேங்காய் நாரில் செய்த ஒரு கால்மிதியும் இருந்தது. கைப்பிடி கனம், நல்ல முரட்டு மேட்டு. சக்கர நாற்காலியில் இருந்த ஜாய் டீச்சர் இடது கையைத் தூக்கினார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. ஏலம் விடுகிறவர் ‘ஒருதரம்’ என்றார். ஜாய் டீச்சர் மறுபடி கையைத் தூக்கினார். ‘ரெண்டுதரம்’ என்றார். மறுபடியும் கை மேலே போயிற்று. தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்டிருந்தார். பந்தலே சிரித்தது. கடைசியில் தேவகனி டீச்சர் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்து, ஒரு கால்மிதிக்கு ஒருவரும் கொடுக்காத விலையைக் கொடுத்து அதை வாங்கினார்.

“எதுக்குளா இதுன்னு கேட்டேன் சார். என் காலைக் காட்டுதா. வண்டியில சூடு அடிக்குதுன்னு நான் சொல்லுவேன்லா, அதுக்காம்” என்று சொல்லும்போது டீச்சரின் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு, “போவமாங்கா” என்று சொல்லி மறுபடி சிரித்தார்.

கோயில் ஏலத்தில் எடுத்த பொருளை டீச்சர் குடும்பத்தில் சாதாரணப் பொருளாக நினைப்பதில்லை. ஆண்டவருக்குக் கொடுத்தது, அவரிடமிருந்து வாங்கியது. மூலையில் போட மாட்டார்கள், பிறருக்குத் தர மாட்டார்கள், பயன்படுத்துவார்கள். மேட்டு ஓட்டுகிறவர் பக்கத்தில் இடம்பிடித்தது. முதலில் சீட்டை ஒட்டிப் போட்டிருந்தார். அது கோணல்மாணலாக நகர்ந்து கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் காரைக் கழுவி முடித்ததும் மூலையோடு மூலை சேரும்படி முன்னால் தள்ளிச் சீராக வைக்கத் தொடங்கினார். கோடு போடுகிற ஆள் அல்லவா.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் கியர் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. முதலில் ரிவர்ஸ். காலையில் காரைப் பின்னால் எடுக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும். என் வீட்டுக் காக்கைகள் பறக்கும். பிறகு ஃபர்ஸ்ட் கியர் விழ மறுத்தது. பிறகு செகண்ட். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு கியர் கம்பியைத் தள்ளுவதைச் சுவருக்கு மேலாகப் பார்ப்பேன்.

டீச்சர் அதைக் கணக்காகவே எடுத்துக்கொண்டார். எஞ்சினை அணைத்துவிட்டுக் கியரைப் போட்டுப் பார்த்தார். எல்லாக் கியரும் சமர்த்தாக விழுந்தன. எஞ்சினை ஓடவிட்டுப் போட்டார். விழவில்லை. “அப்ப கியர் பாக்ஸ்ல குறை இல்ல சார். கிளச்சு முழுசா விடுபடல. எஞ்சின் சுத்துறது கியருக்குள்ள போய்க்கிட்டே இருக்கு. அதான் பல்லு சேர மாட்டேங்குது” என்று சுவரில் விரலால் வட்டம் வரைந்து காட்டினார். எனக்கு லாரியின் எடை தெரியுமே தவிர வயிற்றுக்குள் இருப்பது தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

மெக்கானிக் வேல்ராஜிடம் கொண்டுபோனார். பாளையங்கோட்டை ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறவன். நல்ல தொழில்காரன், அதைவிட நல்ல மரியாதைக்காரன். கிளச்சு கேபிளை இறுக்கினான். பிறகு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “பிரமாதமா விழுது டீச்சர்” என்றான். டீச்சர் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. மறுபடி போனார். புதுக் கேபிள் போட்டான். ஓட்டிப் பார்த்தான். பிரமாதம். வீட்டுக்கு வந்தால் கரகர. கியர் ஆயிலை மாற்றினான். உப்புக் காற்றில் துருப்பிடித்திருக்கும் என்று கியர் கம்பியின் மூட்டுகளைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்தான். கடைசியில் கிளச்சு பிளேட்டையே மாற்றினான். அவன் கையில் கார் பசுமாதிரி போகும். டீச்சர் கையில் முட்டும்.

ஒருமுறை வேறு வேலையாக அந்தப் பக்கம் போன நானும் ஷெட்டில் போய் நின்றேன். வேல்ராஜ் காரில் ஏறுமுன் செருப்பைக் கழற்றினான். அந்த நார் மேட்டை இரண்டு கையாலும் எடுத்துத் தட்டி, பின்சீட்டில் ஒரு பேப்பர் விரித்து அதன் மேல் வைத்தான். “இருக்கட்டும்பா” என்றார் டீச்சர்.

“கோயில் ஏலத்துல எடுத்ததுன்னு சொன்னீங்களே டீச்சர். சாமி பொருளு. என் கிரீஸ் கால வச்சு மிதிக்கலாமா?”

ஓட்டிவிட்டு வந்து இறங்கியதும் முதல் வேலையாக அதை எடுத்து, டீச்சர் வைத்திருந்தபடியே மூலையோடு மூலை சேர்த்து முன்னால் தள்ளி வைத்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆளா என்று நானும் மெச்சினேன். டீச்சரும் மெச்சினார். கியரைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. தெரப்பி முடிந்து துறைமுகச் சாலைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, ரவுண்டானாவில் வேகம் குறைத்து செகண்ட் போட்டிருக்கிறார். விழவில்லை. ஃபர்ஸ்ட்டுக்குத் தள்ளினார். அதுவும் இல்லை. நடு ரோட்டில் எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் கண்டெய்னர் லாரி. டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றதில், அந்த லாரி முனகிக்கொண்டே வந்து காரின் பின்கண்ணாடியை மறைத்து நின்றது. ஜாய் டீச்சர் இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, போவமா, போவமா, போவமா என்று கத்தியிருக்கிறார். அது எந்தப் போவமா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

லாரி டிரைவர் இறங்கி வந்தான். திட்டத்தான் வந்திருப்பான். உள்ளே இருந்தவர்களைப் பார்த்துவிட்டு, கிளீனரோடு சேர்ந்து காரை ஓரமாகத் தள்ளிவிட்டான். போகும்போது, “ஏம்மா, வீட்ல வண்டி ஓட்ட ஆம்பளைங்க யாரும் இல்லையா?” என்று கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதனால்தான் டீச்சரால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

மறுநாள் வேல்ராஜே வீட்டுக்கு வந்தான். “நீங்க ஓட்டுங்க டீச்சர், நான் பக்கத்துல இருந்து பாக்கேன்” என்றான். தெருமுனைவரை போய் வந்தார்கள். கார் திரும்ப வந்து நின்றபோது இருவரும் இறங்கவில்லை. நான் சுவரோரம் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வேல்ராஜ் முன்கண்ணாடியைப் பார்த்தபடி பேசினான்.

“பெடல் முழுசா எறங்கல டீச்சர். பாதியில நின்னுருது.”

“நான் முழுசாத்தானப்பா அமுக்குதேன்.”

“அமுக்குத மாதிரிதான் இருக்கும். முட்டி இருக்குல்லா டீச்சர், வயசாச்சுன்னா அது நமக்கே தெரியாம தளந்துரும். எங்க அம்மாவுக்கும் இப்படித்தான். வண்டியில இனி மாத்துததுக்கு ஒண்ணும் இல்ல.”

அவன் போன பிறகு டீச்சர் சுவருக்கு வந்தார். சாக்பீஸ் பிடித்துப் பழகிய விரல்கள் சுவரின் மேல் சும்மா கிடந்தன.

“கேபிளு, ஆயிலு, கம்பி, பிளேட்டு. ஒவ்வொண்ணா கழிச்சாச்சு சார். எல்லாத்தையும் கழிச்சா மிச்சம் நான்தான வாரேன்” என்றார்.

அந்தக் கணக்கில் தப்பு இருப்பதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வயது எனக்கும் ஆகிறது. நானும் ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு டீச்சர் காரை எடுக்கவில்லை; சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துச் சாயர்புரம் போய் வந்தார். ஹாலில் சுந்தரராஜ் குடும்பத்தோடு உட்கார்ந்து டிவியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். ஜாய் டீச்சர் முழு நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வெள்ளைக் கார் வெளியே நிற்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார் போல. தெரப்பி நின்றதில் கொஞ்சம் அசையத் தொடங்கியிருந்த வலது கால் மறுபடி கட்டை போலானது.

நேசக்குமார் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். மரியாதையான பையன்தான். டீச்சர் வீட்டு வாசலில் நின்றே பேசினான்.

“டீச்சர், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்க முன்ன மாதிரி சனிக்கிழமை அத்தையைக் கூட்டிட்டுப் போக முடியும்னா சொல்லுங்க. அத்தை இங்கனயே இருக்கட்டும். அப்பா அம்மாவும் இங்கன இருக்கத்தான் ஆசப்படுதாங்க. முடியாதுன்னா மூணு பேரையும் நான் கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கன வீட்டுக்கே வந்து தெரப்பி பாக்காங்க.”

டீச்சர் தலையைத் திருப்பினார். காரைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், முடியும் என்று சொல்லிவிடுங்கள் என்று நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மனதுக்குள் மன்றாடினேன். எனக்கு என்ன போயிற்று? ஒன்றும் இல்லை. சனிக்கிழமை அந்தக் கார் போய்வருவதைப் பார்ப்பது எனக்கும் ஒரு பழக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

“லாரிக்காரன் பிரேக் பிடிக்கலைன்னா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே எனக்கு உறக்கம் வரல” என்றார் டீச்சர். “என் காலை நம்பி அவளை ஏத்த மாட்டேன். கூட்டிட்டுப் போப்பா.”

புறப்படுகிற அன்று டீச்சர் பஸ்ஸில் போய் வழியனுப்பினார். ஜாய் டீச்சரை வேனில் ஏற்றி உட்காரவைத்திருந்தார்கள். தேவகனி டீச்சரைக் கண்டதும் அவர் பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டி, “போவமா?” என்று கேட்டாராம். டீச்சர் வேன் கதவை அவரே சாத்தினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இல்லை, நின்றுகொண்டே வந்தேன் என்று மட்டும் என்னிடம் சொன்னார். சுந்தரராஜ் வீட்டுக்கு ஒரு பேங்க்காரர் குடும்பம் வாடகைக்கு வந்தது.

அதன் பிறகு சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு காட்சி பார்ப்பேன். டீச்சர் வெளியே கிளம்புகிற சேலை கட்டிக்கொண்டு வந்து, வீட்டு ஷெட்டில் நிற்கிற காரில் ஏறி உட்காருவார். எஞ்சினைப் போட மாட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு இறங்கிப் போய்விடுவார். காரைக் கழுவுவதை மட்டும் விடவில்லை. கழுவி, மேட்டைச் சீராகத் தள்ளிவைத்து, கதவைப் பூட்டுவார். நான் பார்ப்பது அவருக்குத் தெரியும். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். 

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் வானம் இருமினாலே தண்ணீர் நிற்கும். இந்த முறை ஷெட்டுக்குள் ஏறி, காருக்குள்ளேயே புகுந்துவிட்டது. மழை விட்ட ஒரு காலையில், என் செம்பருத்தியின் மேல் அழுக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்தால், சுவரின் மேல் அந்த நார் மேட்டு காயப்போட்டிருக்கிறது. சண்டை போடத் தயாராகத்தான் போனேன்.

டீச்சர் காரில் இருந்தார். இன்னொரு மழை வருவதற்குள் தெருவின் உயரமான பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்று எஞ்சினைப் போட்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கார் பின்னால் வந்தது. வாசலைத் தாண்டி வந்து நின்றது.

ஏதோ குறைகிறது என்று எனக்குப் பட்டது. காக்கைகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. கரகர சத்தம் இல்லை.

டீச்சருக்கும் பட்டிருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதே ஃபர்ஸ்ட் போட்டார். விழுந்தது. செகண்ட் போட்டார். விழுந்தது. ரிவர்ஸுக்குத் தள்ளினார். அதுவும் விழுந்தது. குனிந்து காலடியைப் பார்த்தார். வெறும் ஈரத் தகரம். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார்.

“வில்பிரட் சார், அந்த மேட்டைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கம்போல மூலையோடு மூலை சேர்த்து, முன்னால் தள்ளி வைத்தார். கிளச்சை மிதித்தார். பெடல் மேட்டில் போய் முட்டி நின்றது. கியரைத் தள்ளினார். கரகர. மேட்டை வெளியே எடுத்தார். மிதித்தார். பெடல் தகரம்வரை இறங்கியது. கியர் விழுந்தது. மறுபடியும் வைத்தார், மறுபடியும் எடுத்தார். விடை சரியா என்று திருப்பிப் போட்டுப் பார்க்காமல் அவர் விட மாட்டார்.

வேல்ராஜ் அந்த மேட்டை எடுத்துவைத்துவிட்டு ஓட்டிய ஒவ்வொரு தடவையும் என் கண்முன் வந்துபோயிற்று. எடுத்தது அவன் மரியாதை. திரும்ப வைத்ததும் அவன் மரியாதைதான். யாரைக் குறை சொல்வது?

டீச்சர் முதலில் சிரித்தார். “என் கால்ல ஒண்ணும் இல்ல சார்” என்றார். காலைத் தூக்கித் தூக்கிப் பெடலை மிதித்துக் காட்டினார். “பாருங்க, ஒண்ணுமே இல்ல.” பிறகு ஸ்டீரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, “நான்லா அவளைப் போகச் சொன்னேன். கேட்டானே அந்தப் பையன். முடியும்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா இங்கனதான இருப்பா” என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் நின்று எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அவர் அழுததற்கா, என் வீட்டுக்குள் போனால் அழுவதற்குக்கூட எதிரே ஆள் இல்லையே என்பதற்கா, தெரியவில்லை.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஏறுங்க சார். நீங்க சாட்சிக்கு வேணும். ஒரு ரவுண்டு போய்ப் பாப்போம்” என்றார். முன்கதவைத் திறக்கப் போனேன். அது யாருடைய சீட் என்று ஞாபகம் வந்ததும் பின்னால் ஏறிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அந்தக் காரில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை.

தெருவின் உயரமான பக்கம்வரை போனோம். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்தன. பிரதான சாலை வந்ததும் ஓரமாக நிறுத்தினார். இடது பக்கம் போனால் கோரம்பள்ளம், சாயர்புரம். வலது பக்கம் போனால் கடற்கரை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஃபோனை எடுத்துக் கோயம்புத்தூருக்குப் போட்டார். நேசக்குமாரின் மனைவி எடுத்து, இருங்க டீச்சர், அத்தை காதுல வைக்கேன் என்றாள். ஸ்பீக்கரில் ஜாய் டீச்சரின் மூச்சுச் சத்தம் கேட்டது.

“ஏளா ஜாய், நான்தான் பேசுதேன். கேக்குதா? என் காலுக்கு ஒண்ணும் இல்லளா. நல்லா இருக்கேன். வண்டியும் நல்லா ஓடுது.”

எப்படி என்று கேட்கிற மாதிரி அந்தப் பக்கம் ஒரு சின்ன முனகல்.

டீச்சர் பக்கத்து சீட்டைப் பார்த்தார். ஈர மேட்டை அதன் முன்னால், ஜாய் டீச்சர் கால் வைக்கிற இடத்தில் விரித்திருந்தார்.

“வேல்ராஜுதான் கண்டுபிடிச்சான். ஏதோ ஒரு கம்பி தேஞ்சு போயிருந்துச்சாம். மாத்திட்டான்” என்றார்.

பொய்யே சொல்லாத ஆள் என்று நான் எடைபோட்டு வைத்திருந்தவர். கண் இமைக்காமல் சொன்னார். மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஏலத்தில் திரும்பத் திரும்ப உயர்ந்த அந்த இடது கைக்கு இது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

 பிறகு தெளிவாக, ஆசையாக, ஜாய் டீச்சரின் குரல் வந்தது.

“போவமா?”

டீச்சரின் கை கியரின் மேல் இருந்தது. ஃபர்ஸ்ட்டில்தான் இருந்தது.

“போவம்ளா” என்றார். பிறகு கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து எஞ்சினை அணைத்தார்.